மருந்தின் விலையும் மனச்சாட்சியும்



ஒரு தாயாரை மனக்கண்முன் நிறுத்திக்கொள்ளுங்கள். ஸ்ரீரங்கத்தில் ஓர் அறையும் தாழ்வாரமுமாக உள்ள வாடகை வீட்டில் குடியிருப்பவள். கணவன் காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவன். பிள்ளைகள் மூவர். கடைக்குட்டிக்கு விரல் இடுக்கிலும் அக்குளிலும் சொறி சிரங்கு. பகலில் ஒருவாறு பொறுத்துக்கொள்ளும் குழந்தை, இரவானால் சொறிந்து சொறிந்து அழுகிறது. டாக்டரிடம் காட்டிவிட்டு வரும்படி பள்ளிக்கூடத்திலும் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

தாயார் பஸ் ஏறி, காவேரிப் பாலம் தாண்டி, தில்லைநகரில் ஒரு டாக்டரிடம் போகிறாள். டாக்டர் நல்லவர், நோயைச் சரியாகவே கண்டுபிடிக்கிறார். “அம்மா, இது ஒரு சிறு பூச்சியால் வருவது. ஒருவருக்கு வந்தால் வீட்டில் எல்லோருக்கும் தொற்றும். ஆகையால் இந்தக் களிம்பை ஐந்து பேரும் ஒரே இரவில் கழுத்து முதல் கால் வரை பூசிக்கொண்டு, காலையில் குளித்துவிட வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடியும் பூச வேண்டும்” என்கிறார். சீட்டில் ஒரு கம்பெனியின் களிம்புப் பெயரை எழுதிக் கொடுக்கிறார்.

மருந்துக் கடையில் தாயார் கணக்குப் போடுகிறாள். பெரியவர் ஒருவருக்கு ஏறக்குறைய 30 கிராம் வேண்டும். அது ஒரு டியூப். பிள்ளைகளுக்குச் சற்றுக் குறையும். ஆயினும் ஐந்து பேருக்கு இரண்டு முறை என்றால்? முந்தானை முடிச்சில் இருப்பது போதாது. “ஒரு டியூப் மட்டும் கொடுங்கள், ஐயா” என்கிறாள். அதைக் கடைக்குட்டிக்கு மட்டும் பூசுகிறாள். குழந்தை நான்கு இரவுகள் நன்றாகத் தூங்குகிறது. மூன்றே வாரத்தில் அண்ணனிடமிருந்து நோய் திரும்பி வந்துவிடுகிறது.

அதே கடையில், அடுத்த தட்டில், அதே மருந்து, அதே அளவில், வேறொரு பெயரோடு, பாதி விலைக்கும் குறைவாக இருந்திருக்கக்கூடும். அவள் கேட்கவில்லை, அவளுக்கு யாரும் சொல்லவும் இல்லை.

இந்தத் தாயாரை எந்த வீதியிலும் தேட வேண்டாம்; இவள் எடுத்துக்காட்டுக்காகச் சொல்லப்பட்டவள். ஆனால் இப்படிப்பட்ட ஒருத்தியை அறியாதவர் நம்மில் யார்? இவளை முன்னிட்டு ஒரு கேள்வியை இந்த வாரம் சிந்திப்போம். இங்கே குற்றம் செய்தவர் யார்? டாக்டர் பொய் சொல்லவில்லை. கடைக்காரர் அட்டையில் அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு காசு வாங்கவில்லை. கம்பெனி சட்டத்தை மீறவில்லை. எல்லோரும் நேர்மையாய் இருந்தும், ஒரு வீடு முழுவதும் சொறிந்துகொண்டிருக்கிறது. அப்படியானால் சட்டத்தை மீறாதவன் நீதியை மீறாதவன் என்று சொல்லிவிடலாமா?

ஒரே மருந்து, பல பெயர்

முதலில் விஷயத்தைத் தெளிவாக அறிந்துகொள்வோம். ஒவ்வொரு மருந்துக்கும் அதன் இரசாயனப் பொருளைக் குறிக்கும் மூலப் பெயர் ஒன்று உண்டு. இதைத்தான் ஜெனரிக் பெயர் என்கிறார்கள். அதை உற்பத்தி செய்யும் ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று ஒரு வியாபாரப் பெயரைச் சூட்டுகிறது. ஒரே மனிதனுக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்றும், வீட்டில் கூப்பிடும் பெயர் பலவும் இருப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நமது நாட்டில் இந்தப் பெயர்கள் பெருகியதற்குக் காரணம் உண்டு. 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம், ஒரு மருந்துப் பொருளை ஒரே கம்பெனி தன் ஏகபோகமாக வைத்துக்கொள்வதற்கு இடம் தரவில்லை. செய்முறைக்கு மட்டுமே உரிமை தந்தது. 2005இல் சட்டம் மாற்றப்படும் வரை இந்நிலை நீடித்தது. அதனால் பல கம்பெனிகள் ஒரே மருந்தை வெவ்வேறு செய்முறையில் தயாரித்தன. உலகத்து ஏழைகளுக்கு மலிவான மருந்து கொடுக்கும் தேசம் என்ற நற்பெயரும் நமக்குக் கிடைத்தது. ஆயினும் அந்த மலிவு நம் தெருக்கோடி மருந்துக் கடைக்கு முழுமையாய் வந்து சேரவில்லை. ஒரே கம்பெனியே ஒரு மருந்தை இரண்டு வழியாய் விற்பதுண்டு. ஒன்று, பிரதிநிதிகள் டாக்டர்களிடம் எடுத்துச் சொல்லி விற்பது. மற்றொன்று, பிரதிநிதி இல்லாமல் கடைக்காரருக்கு நேரே மலிவாய்க் கொடுப்பது. இரண்டாவதன் அட்டையிலும் உயர்ந்த விலையே அச்சாகி வருவதுண்டு. நடுவில் உள்ள இலாபம் கடையோடு நின்றுவிடும். ஆகவே ‘ஜெனரிக்’ என்று வாங்கினாலும் நோயாளிக்கு மலிவு நிச்சயம் என்று சொல்வதற்கில்லை.

தேவை யாருடைய சொத்து?

விலையில் நீதி எது என்பது நேற்றுத் தோன்றிய கேள்வி அன்று. 13ஆம் நூற்றாண்டிலேயே அர்ச். தோமாஸ் அக்வினாஸ் இதை விரிவாய் ஆராய்ந்திருக்கிறார். அவர் கூறுவதன் சாரம் இதுதான்: ஒரு பொருளைப் பிரிவதால் விற்பவனுக்கு உண்மையான நஷ்டம் உண்டானால், அந்த நஷ்டத்தையும் சேர்த்து விலை கேட்கலாம். ஆனால் விற்பவனுக்கு யாதொரு நஷ்டமும் இல்லாமல், வாங்குகிறவனுக்கு அது மிகவும் அவசியமாய் இருக்கிறது என்பதற்காக மட்டும் விலையை ஏற்றுவது தகாது. ஏனெனில் அந்த அவசியம் வாங்குகிறவனுடையது. தன்னுடையது அல்லாததை ஒருவன் எப்படி விற்க முடியும்?

எவ்வளவு எளிமையான நியாயம், பாருங்கள்! குழந்தையின் அரிப்பு கடைக்காரரின் சரக்கு அன்று. தாயாரின் கண்ணீர் கம்பெனியின் முதல் அன்று. அவளுடைய அறியாமை டாக்டரின் சொத்தும் அன்று. மருந்துக்கு விலை வாங்கலாம்; உழைப்புக்கும், படிப்புக்கும், கடை வாடகைக்கும், காலாவதியாகிப் போகும் சரக்குக்கும் விலை வாங்கலாம். நோயாளியின் பயத்துக்கு விலை வாங்குவது, அவனிடமிருந்தே ஒன்றை எடுத்து அவனுக்கே விற்பதாகும். சிறு பிள்ளைகளாய் ஞானோபதேச வகுப்பில் ஏழாம் கற்பனையைப் படித்தபோது, திருட்டு என்றால் பூட்டை உடைப்பது என்றுதான் நினைத்தோம். திறந்த கடையில், இரசீதோடும் அது நடக்கக்கூடும்.

‘மலிவு என்றால் மட்டம்’ என்பார்க்கு

இங்கே ஒரு மறுப்பு எழும். “விலை கூடிய மருந்து தரம் கூடியது, அந்தத் தரத்துக்குத்தான் காசு” என்று சிலர் சொல்வர். இதை அலட்சியமாய்த் தள்ளிவிடக் கூடாது. இதில் ஒரு பங்கு உண்மை உண்டு.

படர்தாமரைக்குக் கொடுக்கப்படும் இட்ரகோனசோல் என்னும் மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கூட்டுக்குள் நுண்ணிய உருண்டைகள் இருக்கின்றன. அந்த உருண்டைகளின் எண்ணிக்கையும் அளவும் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடுவதை நம் நாட்டுத் தோல் மருத்துவர்கள் பிரித்துப் பார்த்தே காட்டியிருக்கிறார்கள். உருண்டை சரியாய் அமையாவிட்டால் மருந்து உடம்பில் சேருவது குறையும். தண்ணீரில் எளிதில் கரையாத இத்தகைய மருந்துகள் இரத்தத்தில் ஒத்த அளவில் சேருகின்றனவா என்ற சோதனை 2017ஆம் ஆண்டில்தான் கட்டாயமாக்கப்பட்டது. ஆகவே, ‘எல்லாம் ஒன்றே’ என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வதும் சரியன்று. தரத்தைச் சோதித்து, நல்ல பொருளைத் தருகிறவன் அதற்குரிய கூலியைக் கேட்பதில் அநீதி இல்லை.

ஆனால் விலைச் சீட்டைப் பார்த்துத் தரத்தை அறிய முடியுமா? முடியாது. பேர்பெற்ற மருந்தும் பேர்பெறாத மருந்தும் சட்டப்படி ஒரே இந்திய மருந்து நூலின் அளவுகோலுக்கு உட்பட்டவையே. தரம் குறைந்ததாகக் கண்ட மருந்துகளை மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் மாதந்தோறும் வெளியிடுகிறது. விலையைக் கூட்டி வைத்தவன் தரத்தையும் கூட்டினான் என்பதற்கு அட்டையில் அச்சான தொகை சாட்சி ஆகாது.

அதற்கு மாறாக, மலிவே நன்மை என்று எண்ணுவதும் ஆபத்து. படர்தாமரை கண்டவர்கள் சீட்டு இல்லாமல் கடையில் கேட்டு வாங்கும் சில கலவைக் களிம்புகளில் ஸ்டீராய்டு சேர்ந்திருக்கும். பூசியவுடன் அரிப்பு அடங்கும், சிவப்பு மறையும். உள்ளே பூஞ்சைக் காளானோ வளர்ந்துகொண்டே இருக்கும். தோலும் மெலிந்து போகும். பிறகு அதைத் தீர்க்க மாதக்கணக்கில் மருந்து தேவைப்படும். இதைக் கண்டே 2018இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளைச் சீட்டு இன்றி விற்கக் கூடாதவற்றின் பட்டியலில் சேர்த்தது. வாங்கும்போது மலிவாய் இருந்தது, முடிவில் மிகவும் விலை கூடியதாய் ஆகிவிடுகிறது. எனவே நாம் தேட வேண்டியது மலிவான மருந்து என்பதைவிட, தக்க மருந்தைத் தக்க விலையில் என்பதே.

சட்டம் எங்கே நிற்கிறது?

“விலையை அரசாங்கம் கட்டுப்படுத்தவில்லையா?” என்று கேட்பீர்கள். கட்டுப்படுத்துகிறது. 1997 முதல் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் இயங்கி வருகிறது. அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவற்றுக்கு உச்ச விலை உண்டு. 2022ஆம் ஆண்டுப் பட்டியலில் இட்ரகோனசோல், டெர்பினாஃபின், முபிரோசின், ஐவர்மெக்டின் போன்ற, தோல் நோய்களுக்குப் பயன்படும் மருந்துகளும் சேர்ந்தன. இது நல்ல காரியம், நன்றியோடு ஏற்றுக்கொள்வோம்.

ஆயினும் அந்த உச்ச விலை எப்படிக் கணக்கிடப்படுகிறது? 1995ஆம் ஆண்டின் ஆணை, கட்டுப்பாட்டுக்குள் வந்த மருந்தைத் தயாரிக்க என்ன செலவாகிறது என்று பார்த்தது. 2013ஆம் ஆண்டின் ஆணையோ, சந்தையில் நூற்றுக்கு ஒரு பங்காவது பிடித்திருக்கும் கம்பெனிகள் கடைக்காரருக்குக் கொடுக்கும் விலைகளைக் கூட்டிச் சராசரி எடுத்து, அதன்மேல் கடைக்காரருக்கு 16 விழுக்காடு சேர்க்கிறது. அதாவது, விலை கூடியவர்களின் விலையும் சேர்ந்தே வரம்பு உருவாகிறது. மேலும், பட்டியலில் குறித்த அளவுக்கும் உருவத்துக்கும் மட்டுமே வரம்பு. சற்றே வேறான அளவோ, இன்னொரு மருந்து கலந்த களிம்போ வெளியே நிற்கும். வெளியே நிற்பவற்றில் பலவற்றுக்கு முதல் விலையைக் கம்பெனியே குறித்துக்கொள்ளலாம். பின்பு ஆண்டுக்கு 10 விழுக்காட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது என்பதே கட்டுப்பாடு.

இதைச் சொல்வது அரசாங்கத்தைக் குறைகூற அன்று. சட்டம் ஒரு வேலி. ஆடு வெளியே போகாதபடி தடுக்கும், புல்லை அதுதான் மேய வேண்டும். அட்டையில் ‘அதிகபட்ச சில்லறை விலை’ என்று அச்சிட்டிருக்கிறதே, அது ‘இதற்குமேல் வாங்காதே’ என்கிறது. ‘இவ்வளவையும் வாங்கு’ என்று கட்டளையிடவில்லை. அந்த வரம்புக்குக் கீழே எங்கே நிற்பது என்பதை மனச்சாட்சிதான் தீர்மானிக்க வேண்டும்.

மௌனத்தின் குற்றம்

இப்பொழுது நம் கேள்வியின் முடிச்சுக்கு வருவோம். தாயாருக்கு அநியாயம் இழைத்தது பெரும்பாலும் ஒருவரும் வாய் திறக்காமையே. மௌனம் குற்றமாகுமா?

உரோமை அறிஞர் சிசெரோ, கடமைகளைக் குறித்து எழுதிய நூலில் ஒரு வழக்கை முன்வைக்கிறார். ரோட்ஸ் தீவில் பஞ்சம். ஒரு வியாபாரி தானியக் கப்பலோடு அலெக்சாந்திரியாவிலிருந்து முதலாவதாக வந்து சேருகிறான். பின்னால் இன்னும் பல கப்பல்கள் வருவதை அவன் கண்டிருக்கிறான், ஊராருக்குத் தெரியாது. அதைச் சொன்னால் விலை இறங்கும். சொல்லாவிட்டால் இலாபம் ஏறும். சொல்ல வேண்டுமா? மறைப்பது தகாது என்பது சிசெரோவின் தீர்ப்பு. அர்ச். தோமாஸ் இதே வழக்கை எடுத்து, அன்றைய விலைக்கு விற்பவன் நீதியின் கண்டிப்பான அர்த்தத்தில் கடன்பட்டவன் ஆகான், ஆனால் சொன்னால் அது மேலான புண்ணியம் என்கிறார்.

இரு பெரியோரும் இவ்வாறு வேறுபடுவது நமக்கு ஓர் எச்சரிக்கை. அவசரமாய்ப் பிறரைத் தீர்ப்பிடாதிருப்போம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ரோட்ஸ் வியாபாரி கப்பலில் வந்த அந்நியன். அவனை நம்பி யாரும் தங்கள் உடம்பை ஒப்படைக்கவில்லை. நோயாளியோ டாக்டரிடம் தன்னையே ஒப்படைக்கிறான். நம்பிக்கை எவ்வளவு பெரியதோ, சொல்ல வேண்டிய கடனும் அவ்வளவு பெரியது.

ஆகையால் டாக்டர்களே, உங்களிடம் முதலில் ஒரு விண்ணப்பம். மூலப் பெயரில் எழுத வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான ஒழுக்க விதிகளில் 2002 முதல் இருந்துவருகிறது. 2023 ஆகஸ்டில் அதைக் கண்டிப்பாக்கி வந்த புதிய விதிகள் அதே மாதம் நிறுத்திவைக்கப்பட்டன. தரத்தைப் பற்றிய உங்கள் கவலை நியாயமே. குறிப்பிட்ட கம்பெனியின் மருந்தே வேண்டும் என்று மனச்சாட்சியோடு எண்ணினால் அதையே எழுதுங்கள். ஆனால் எழுதுமுன், “உங்கள் வீட்டில் எத்தனை பேர்? எல்லோருக்கும் வாங்க முடியுமா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வாங்க முடியாத மருந்து எவ்வளவு உயர்ந்ததாயினும் அந்த வீட்டுக்கு மருந்து அன்று. உங்கள் பேனா செலவழிப்பது பிறருடைய பணம் என்பதையும், மேசைமேல் இருக்கும் கம்பெனி அன்பளிப்புக்கு அந்தத் தாயாரும் பங்கு கொடுத்திருக்கிறாள் என்பதையும் மறவாதிருங்கள்.

மருந்துக் கடை வைத்திருப்போரே, உங்கள் சங்கடமும் தெரிந்ததே. சீட்டின்றி விற்கக் கூடாத எச் அட்டவணை மருந்துகளில், எழுதியிருப்பதற்குப் பதிலாக அதே பொருள் உள்ள வேறொன்றைக்கூட நீங்களாக மாற்றிக் கொடுக்க 1945ஆம் ஆண்டு மருந்து விதிகள் அனுமதிப்பதில்லை. ஆனால் பேசுவதை எந்த விதியும் தடுக்கவில்லை. “அம்மா, இதே மருந்து குறைந்த விலையிலும் வருகிறது, டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டு எழுதி வாங்கி வாருங்கள்” என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? இன்று கொஞ்சம் இலாபம் குறையலாம். அந்தத் தாயார் ஆயுள் முழுதும் உங்கள் கடையைத் தவிர வேறு கடை ஏறமாட்டாள்.

மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகளாய் இருக்கும் நம் வாலிபர்களையும் மறக்கவில்லை. மாத இலக்கு தலைக்கு மேல் கத்திபோல் தொங்குவது தெரியும். உங்கள் மருந்தின் நன்மையைத் தாராளமாய்ச் சொல்லுங்கள். பிறர் மருந்தைப் பற்றிப் பொய் மட்டும் சொல்லாதிருங்கள்.

இனி நம் முறை. நாம் ஏன் கேட்பதில்லை? வெட்கம்! மலிவானதைக் கேட்டால் ஏழை என்று நினைப்பார்களோ என்ற வெட்கம். பெரிய கடை வீதியில் சேலைக்கு அரை மணி நேரம் பேரம் பேசுகிற நாம், மருந்துக் கடையில் ஊமையாகிவிடுகிறோம். இன்னும் வசதி படைத்தவர்கள், “நமக்கென்ன, காசு இருக்கிறது” என்று கடந்துபோகிறார்கள். தெரிந்தவர் கேட்டால்தான் தெரியாதவருக்கும் வழி திறக்கும்.

செய்யக் கூடியது

முதலாவது, டாக்டரிடமே கேளுங்கள்: “ஐயா, இதற்கு விலை குறைந்த நல்ல மருந்து உண்டா? மூலப் பெயரையும் எழுதித் தருவீர்களா?” சீட்டில் உள்ளதை நீங்களாக மாற்றாதீர்கள், பாதியில் நிறுத்தாதீர்கள்.

இரண்டாவது, அரசாங்க ஆஸ்பத்திரியைத் தாழ்வாய் எண்ணாதீர்கள். 1994இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மூலப் பெயரில் மொத்தமாய் மருந்து வாங்கி, மாதிரிகளைச் சோதனை செய்து, அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறது. பிற மாநிலங்கள் வந்து பார்த்துப் பின்பற்றிய ஏற்பாடு இது. புத்தூர் அண்ணல் காந்தி நினைவு அரசு மருத்துவமனையிலும் ஸ்ரீரங்கம் அரசு மருத்துவமனையிலும் நோயாளிக்கு மருந்து இலவசம்.

மூன்றாவது, 2008இல் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தின் மக்கள் மருந்தகங்களும், 2025 பிப்ரவரியில் மாநில அரசு திறந்த முதல்வர் மருந்தகங்களும் மூலப் பெயர் மருந்துகளைக் குறைந்த விலையில் தருகின்றன. வீட்டுக்கு அருகில் எங்கே இருக்கிறது என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். அண்டை வீட்டாருக்கும் சொல்லுங்கள்.

நம் ஊருக்கு இது புதிய எண்ணமும் அன்று. ஸ்ரீரங்கம் கோயிலில் 1493ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. அங்கே இருந்த ஆரோக்கியசாலை சிதைந்து போனதையும், கருடவாகன பட்டர் என்பவர் அதைப் புதுப்பித்ததையும் அது சொல்லுகிறது. நோயாளியைக் கவனிப்பது ஊரின் கடமை என்று ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே காவேரிக் கரையில் ஒருவர் நினைத்துச் செயல்பட்டிருக்கிறார். தொழுநோய் ஒன்றைப் பாருங்கள்: மனிதர் மிகவும் அஞ்சிய அந்தத் தோல் நோய்க்கு 1995 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் வழியாய் உலகெங்கும் மருந்து இலவசமாய்க் கிடைக்கிறது. மனிதர் மனம் வைத்தால், விலை என்ற சுவர் இல்லாமலே மருந்து நோயாளியிடம் வந்து சேரும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

அந்தத் தாயார் நாளை மறுபடியும் வருவாள். கையில் அதே சீட்டு. இடுப்பில் அதே குழந்தை. வரிசையில் அவளுக்குப் பின்னால் நிற்பவர் நீங்களாய் இருக்கலாம். “ஒரு டியூப் மட்டும்” என்று அவள் சொல்வது உங்கள் காதில் விழும். அப்பொழுது உங்களுக்குத் தெரிந்ததை அவளுக்குச் சொல்லுங்கள். ஒரு காசும் செலவில்லாத தர்மம் அது. அந்த வீட்டில் ஐந்து பேர் அன்றிரவு நிம்மதியாய்த் தூங்குவார்கள்.